தலை கழுவக் கற்க எங்கே போவது: கடையா, தனியார் கல்லூரியா, அரசுச் சான்றிதழா?

"தலை கழுவுவதற்குக்கூடவா படிப்பு?" என்று கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தாயார் கேட்டு எழுதியிருந்தார். மகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டாள். சிகையலங்காரத் தொழிலுக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஒரு தனியார் கல்லூரி ஆயிரக்கணக்கில் கட்டணம் சொல்கிறது. பக்கத்துத் தெருக் கடைக்காரரோ "நாளைக்கே வரச் சொல்லுங்கள், சம்பளமும் தருகிறேன்" என்கிறார். அதே வாரம் பட்டர்வொர்த்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. முப்பத்து நான்கு வயதுச் சகோதரி ஒருவர் பல ஆண்டுகளாகத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்து அலுத்துப்போயிருக்கிறார். வயது கடந்துவிட்டதே, எங்கே தொடங்குவது என்பது அவருடைய கவலை.

நான் பத்தொன்பது வயதில் ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் தலை கழுவும் பெண்ணாகச் சேர்ந்தவள். இன்று கோலாலம்பூரில் புதிதாக வருகிறவர்களுக்கு அதே வேலையைச் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியை இலேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

கற்க வேண்டியது என்ன

கடைக்குள் வரும் வாடிக்கையாளரை முதலில் தொடுவது தலை கழுவுகிறவரின் கைதான். கத்தரிக்கோல் பிடிக்கிறவர் பிறகுதான் வருகிறார். அந்தக் கை பதற்றமாக இருந்தால், அடுத்த இரண்டு மணி நேரமும் வாடிக்கையாளர் தோளை இறுக்கியபடியே உட்கார்ந்திருப்பார்.

தண்ணீரைத் திறப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. உலர்ந்த முடியைச் சிக்கெடுக்க வேண்டும். வகிடு வகிடாகப் பிரித்து உச்சந்தோலைப் பார்க்க வேண்டும். புண், படர்தாமரை, பேன் ஏதாவது தென்பட்டால் கழுவத் தொடங்காமல், மற்றவர் காதில் விழாதபடி மூத்தவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். இப்படிச் சொல்லும் பக்குவத்தை எந்தப் பாடப்புத்தகமும் தராது.

அடுத்தது கழுத்து. தொட்டியின் விளிம்பில் கழுத்தை அதிகமாகப் பின்னுக்குச் சாய்த்தால் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் நசுங்கவும் கிழியவும் கூடும். சலூனில் தலை கழுவிய பிறகு பக்கவாத அறிகுறிகள் கண்ட ஐந்து பேரைப் பற்றி 1993-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. அரிதாக நடப்பதுதான். ஆனாலும் வயதானவரைச் சாய்க்கும்போது விளிம்பில் துண்டை மடித்து வைப்பதும், "தலை சுற்றுகிறதா அம்மா?" என்று கேட்பதும், நீண்ட நேரம் அதே நிலையில் வைக்காமல் இருப்பதும் அனிச்சையாக வர வேண்டும்.

தண்ணீரின் சூட்டை மணிக்கட்டின் உட்புறத்தில் பார்ப்பார்கள். பார்த்ததோடு விட்டுவிடக் கூடாது. கழுவி முடிக்கும்வரை ஒரு விரல் அந்தத் தண்ணீரில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். கொதிகலன் எப்போது சூடேறும் என்று யாருக்கும் தெரியாது. ஷாம்புவை நேராகத் தலையில் ஊற்றாமல் உள்ளங்கையில் தேய்த்துப் பரப்பிக்கொண்டு போட வேண்டும். நகம் படக் கூடாது, விரல் நுனியின் சதைதான் படவேண்டும். நம் பெண்களின் தேங்காய் எண்ணெய்த் தலையில் முதல் கழுவலுக்கு நுரையே வராது. புதிதாக வந்தவர்கள் நுரை வரவில்லையே என்று ஷாம்புவைக் கொட்டிக்கொண்டே போவார்கள். முதல் கழுவல் எண்ணெயை எடுப்பதற்கு, இரண்டாவதில்தான் நுரை எழும் என்று தெரிந்தவர் பதறமாட்டார்.

கண்டிஷனர் உச்சந்தோலுக்கு உரியதன்று. அதிலுள்ள முக்கியப் பொருள் நேர் மின்னூட்டம் கொண்டது. சாயமும், முடியைச் சுருளாக்கும் பெர்மும் கண்டு சேதமான முடியில் எதிர் மின்னூட்டம் கூடுதலாக இருக்கும். அதனால் கண்டிஷனர் எங்கே சேதம் அதிகமோ அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. முடியின் நடுவிலிருந்து நுனிவரை தடவிச் சீப்பால் பரப்ப வேண்டும். வேரில் தடவினால் மெல்லிய முடி உலர்ந்ததும் படிந்து பிசுபிசுக்கும். சாயம் போட்ட தலையைக் கழுவுவது வேறு. பெர்முக்கோ நேராக்கும் மருந்துக்கோ முன்னால் கழுவுவது வேறு. அப்போது உச்சந்தோலை அழுத்தித் தேய்த்துவிட்டால் பிறகு மருந்து பட்டதும் எரியும். கடைசியில் நுரை தங்கிவிடும் இடங்கள் இரண்டு, காதின் பின்புறமும் பிடரியும். என் முதலாளி அக்கா வேறெதையும் பார்க்கமாட்டார். அந்த இரண்டு இடங்களில் மட்டும் விரலை வைத்துப் பார்ப்பார். போதும், என் வேலை முழுவதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

எதை வைத்து அளப்பது

நான் ஐந்தைப் பார்ப்பேன். உங்கள் கையைத் திருத்துகிறவர் யார்? வாரத்துக்கு எத்தனை உயிருள்ள தலைகள், எத்தனை வகைத் தலைகள் உங்களுக்குக் கிடைக்கும்? பணமும் காலமும் எவ்வளவு போகும்? முடிவில் கையில் என்ன தாள் இருக்கும்? உங்கள் கைத்தோல் தாங்குமா?

இவை ஐந்தும் ஒரே எடை கொண்டவை அல்ல. என் கணக்கில் முதலாவது ஒன்றே மற்ற நான்கையும் தூக்கிவிடும். தப்பாகப் பழகிய விரலைப் பிறகு திருத்துவது, புதிதாகக் கற்றுக் கொடுப்பதைவிடப் பலமடங்கு கடினம்.

கடையில் உதவியாளராகச் சேர்வது

இந்தத் தொழிலில் இருக்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் வந்த வழி இதுதான். காசு கொடுக்க வேண்டாம், காசு வாங்கிக்கொண்டே கற்கலாம். நல்ல கடையில் முதல் வாரத்திலேயே உயிருள்ள தலை கைக்கு வந்துவிடும். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முந்தைய வாரங்களில் காலை முதல் இரவுவரை தொட்டியருகிலேயே நிற்பீர்கள். அந்த வாரங்களில் கழுவும் தலைகளைக் கல்லூரியில் ஒரு பருவம் முழுவதும் இருந்தாலும் கழுவமாட்டீர்கள்.

எந்தக் கடை என்பது முக்கியம். பிரிக்பீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ நம் பெண்கள் வரும் அழகு நிலையத்தில் நீண்ட, அடர்ந்த, எண்ணெய் வைத்த முடி பழகும். சீனர் கடைகள் பலவற்றில் வாடிக்கையாளரை நாற்காலியில் உட்காரவைத்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நுரை எழுப்பி, தலையையும் தோளையும் பிடித்துவிட்டு, அதன் பிறகே தொட்டிக்கு அழைத்துப் போவார்கள். ஒரு சொட்டு நெற்றியில் வழியாமல் அதைச் செய்வது தனித் திறமை. அதைக் கற்றவருக்கு எந்தக் கடையிலும் இடம் உண்டு. பெண்களுக்கு மட்டுமான முஸ்லிம் சலூன்களில் மறைவும் மரியாதையும் பழகும். ஆண்களுக்கான முடிதிருத்தும் நிலையங்களில் தலை கழுவும் வேலை குறைவு. அங்கே சேர்ந்தால் கத்தரியும் சவரக்கத்தியும் கைவரும், தொட்டி கைவராது.

கடைகளுக்கு ஆள் பற்றாக்குறை இருப்பதும் உண்மை. 2023-இல் முடிதிருத்தும் தொழில், ஜவுளி, நகைத்தொழில் மூன்றுக்கும் சேர்த்து 7,500 வெளிநாட்டு ஊழியர்களை எடுக்க அரசு அனுமதி அறிவித்தது நினைவிருக்கலாம். ஆகவே நம் பிள்ளைகள் கடைவாசலில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டே சேரலாம்.

என்ன கேட்பது? முதலில், கடிதத்தில் உங்களை ஊழியர் என்று எழுதுகிறார்களா, பயிற்சியாளர் என்று எழுதுகிறார்களா? ஊழியர் என்றால் 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), வழக்கமான வேலை நேரம் வாரம் 45 மணிக்கு மேல் போகக் கூடாது, சேமநிதியும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கட்டியாக வேண்டும். அடுத்து, இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? சில கடைகள் இரண்டு மூன்று ஆண்டுக்குக் கையெழுத்து வாங்குகின்றன. வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போடும் முன் ஒரு பிரதி கேளுங்கள்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு காலம்தான். துண்டு மடிப்பது, தரை கூட்டுவது, காப்பி வாங்கி வருவது என்றே சில கடைகளில் மாதக்கணக்கில் போய்விடும். ஆறு மாதம் கழிந்தும் அப்படியே போனால் அங்கே உங்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை என்று பொருள். நல்ல கடையில் கடை மூடிய பிறகு மூத்தவர் ஒருவர் தாமே தொட்டியில் சாய்ந்து, "என் தலையைக் கழுவு, பார்க்கலாம்" என்பார். கண்ணை மூடிக்கொண்டே "இடது பக்கம் அழுத்தம் குறைவு, நகம் படுகிறது, தண்ணீர் காதுக்குள் போகிறது" என்று சொல்லிக்கொண்டே வருவார். அப்படி ஒருவர் இருக்கும் கடையை நான் எந்தக் கல்லூரிக்கும் மேலாக வைப்பேன்.

இன்னொரு செலவு கைத்தோல். என் முதல் சீனப் புத்தாண்டு நெருக்கடி முடிந்தபோது என் விரலிடுக்குகள் வெடித்து இரத்தம் கசிந்தது. "எல்லாருக்கும் அப்படித்தான், பழகிவிடும்" என்றார்கள். பழகவில்லை. புண்ணாகி, இரண்டு மாதம் தண்ணீரில் கை வைக்க முடியாமல் வீட்டில் இருந்தேன். ஜெர்மனியில் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரமாக இருக்கும் வேலையைத் தோலுக்கு ஆபத்தான ஈரவேலை என்று விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் கடைகளில் தலை கழுவுகிறவருக்கு அந்த இரண்டு மணி நேரம் மதியத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சாயத்தை அலசும்போது கையுறை கட்டாயம் வேண்டும், சாதாரண இரப்பர் கையுறையைவிட நைட்ரைல் எனும் செயற்கைப் பொருளால் ஆனது நல்லது. ஒவ்வொரு தலைக்கும் பிறகு விரலிடுக்கை ஒற்றித் துடைக்க வேண்டும். வாசனை சேர்க்காத களிம்பு எப்போதும் பையில் இருக்க வேண்டும். அரிப்பு தொடங்கியதுமே மருத்துவரிடம் போக வேண்டும். ஷாம்புவில் சேர்க்கும் பாதுகாப்புப் பொருள்கள் சிலவற்றுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அது ஆயுளுக்கும் போகாது. தொழிலால் வரும் நோய்க்கும் சொக்சோவில் பாதுகாப்பு உண்டு. சந்தா கட்டாத கடையில் அந்த வழியும் சிக்கலாகிவிடும்.

தனியார் கல்லூரி

காசைக் கொட்டுகிறீர்கள், பதிலுக்கு ஒழுங்கு கிடைக்கிறது. ஷாம்பு ஏன் அழுக்கை எடுக்கிறது, எந்த உச்சந்தோலுக்கு எது ஒத்துக்கொள்ளும், எதைச் சாயத்துக்கு முன் போடக் கூடாது என்பதெல்லாம் வரிசையாகச் சொல்லித் தருவார்கள். கடையில் இதைத் துண்டு துண்டாகத்தான் பொறுக்கிக்கொள்ள முடியும். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு, தப்புச் செய்தால் வாடிக்கையாளர் முன்னால் திட்டு வாங்காமல் கற்க இது இடம் தரும். சில கல்லூரிகளில் பிரிட்டனின் சிட்டி அண்ட் கில்ட்ஸ் போன்ற வெளிநாட்டுச் சான்றிதழும் உண்டு. வெளிநாடு போகும் எண்ணம் இருப்பவர்களுக்கு அது பயன்படும்.

ஆனால் தலை கழுவுவது அங்கே பெரும்பாலும் முதல் சில நாள் பாடம். அதைத் தாண்டியதும் வெட்டு, சாயம் என்று ஓடிவிடுவார்கள். பயிற்சியும் பொம்மைத் தலையில். பொம்மைக்கு வலிக்காது, கழுத்து பிடிக்காது, காதுக்குள் தண்ணீர் போனால் அது சிலிர்க்காது. கல்லூரி முடித்து என்னிடம் வந்த பிள்ளைகளில் பலர் வெட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். தொட்டியில் மட்டும் பயந்தார்கள்.

சொல்லப்படும் கட்டணத்தோடு செலவு நிற்காது. கத்தரி, சீப்புப் பெட்டி, பொம்மைத் தலைகள், சீருடை, தேர்வுக் கட்டணம், தேர்வுக்கு அழைத்துப் போகும் மாதிரி ஆளுக்கான சாப்பாடு என்று ஒவ்வொன்றாக வரும். எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். போக்குவரத்து மட்டும் கோலாலம்பூரில் பெரிய சுமையில்லை. 50 வெள்ளி மை50 அட்டையில் மாதம் முழுவதும் எல்.ஆர்.டி.யும் பஸ்ஸும் ஏறலாம்.

நம்மவர்கள் கேட்க மறப்பது மொழி. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பல கல்லூரிகளில் பாடம் மாண்டரினிலோ கான்டனீஸிலோ நடக்கிறது. "ஆங்கிலமும் உண்டு" என்று முகப்பில் சொல்வார்கள். வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்காமல் அதை நம்ப வேண்டாம். கூடவே, மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் வெளியாட்களுக்குச் சேவை செய்யும் பயிற்சிச் சலூன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பொம்மைத் தலைக் குறை பாதி தீர்ந்தது. இல்லையென்றால் அவ்வளவு பணத்துக்கு அந்த இடம் தகாது என்பேன்.

எஸ்.கே.எம். வழி

மலேசியத் திறன் சான்றிதழைத்தான் எஸ்.கே.எம். என்கிறோம். மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே., 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 652-இன்படி வழங்குவது இது. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காவதும் ஐந்தாவதும் டிப்ளோமா. தலை கழுவ எஸ்.கே.எம். கட்டாயமில்லை. ஆனால் பிற்காலத்தில் பயிற்றுநராக நினைப்பவருக்கும் மேற்கொண்டு படிக்க நினைப்பவருக்கும் நாடெங்கும் மதிப்புள்ள தாள் இதுதான்.

படிக்க வாசல்கள் பல. ஜே.பி.கே. அங்கீகாரம் பெற்ற தனியார் மையங்களில் சேர்ந்தால் பி.டி.பி.கே. எனும் திறன் மேம்பாட்டு நிதியில் கடன் கேட்கலாம். அது உதவித்தொகை அன்று, திருப்பிக் கட்ட வேண்டிய கடன். மாணவர்களைச் சேர்க்கும் முகவர்கள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. அரசின் தொழிற்பயிற்சி நிலையங்களான கியாட்மாரா மையங்களில் கட்டணம் இல்லை, இந்தியப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். ஆனால் சிகையலங்காரம் எல்லா மையங்களிலும் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது எஸ்.எல்.டி.என். எனும் இரட்டைப் பயிற்சி முறை. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில், மீதி வகுப்பில். கடையின் உயிருள்ள தலையும் வகுப்பின் ஒழுங்கும் ஒன்றாகக் கிடைக்கும். இதில் பங்கெடுக்கும் கடையைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு. கல்லூரிகள் விளம்பரம் செய்கின்றன. இதற்கு விளம்பரம் செய்ய ஆளில்லை.

இன்னொன்று முன்சாதனை அங்கீகாரம், பி.பி.டி. என்பார்கள். சில ஆண்டுகள் கடையில் வேலை பார்த்தவர், செய்த வேலைகளைப் படமும் குறிப்புமாகக் கோப்பில் திரட்டிக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் நிரூபித்தால், வகுப்புக்குப் போகாமலேயே எஸ்.கே.எம். பெறலாம். ஆகவே இன்று கடைக்குப் போவதால் சான்றிதழ் கைநழுவிப் போகாது. முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி, செய்த வேலை, பயன்படுத்திய பொருள் ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "டிப்ளோமா" என்று அச்சடித்துக் கொடுப்பதெல்லாம் எஸ்.கே.எம். ஆகிவிடாது. அந்த மையத்தில் சிகையலங்காரத்துக்கு, நீங்கள் சேரும் அதே நிலைக்கு, ஜே.பி.கே. அங்கீகாரம் இருக்கிறதா என்று துறையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓரிரு நாள் வகுப்பும் காணொளியும்

சமூகக் கல்லூரிகளின் குறுகிய வகுப்புகள் மலிவு. தொழில் பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்க நல்லவை. காணொளி பார்த்து வரிசையைத் தெரிந்துகொள்ளலாம், அழுத்தத்தைத் தெரிந்துகொள்ள முடியாது.

யாருக்கு எது

செந்தூல் தாயாருக்கு: பணம் புரட்டுவது கஷ்டமென்றால் கல்லூரியை இப்போது விடுங்கள். முதலில் எஸ்.எல்.டி.என். கடை கிடைக்கிறதா என்று ஜே.பி.கே.யிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மகளைக் கடையில் சேருங்கள், ஆனால் வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக அந்தத் தெருக் கடையிலேயே அல்ல. ஆறு மாதம் கழித்து அவள் கையில் தலையைக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் துண்டு மடித்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்றால் கடையை மாற்றுங்கள். பணம் இருக்கிறது, மகள் கூச்சக்காரி, வெளிநாடு போகவும் ஆசை என்றால் கல்லூரி சரி. அப்படியானாலும் சனி, ஞாயிறுகளில் ஒரு கடைத் தொட்டியில் அவள் நிற்கட்டும்.

பட்டர்வொர்த் சகோதரிக்கு: முப்பத்து நான்கு வயதுக்காரரின் கையை வாடிக்கையாளர்கள் சீக்கிரம் நம்புவார்கள், இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வீட்டுக்குச் சம்பளம் தேவைப்படும்போது முழுநேர வகுப்பு உங்களுக்கு ஒத்துவராது. கடையில் ஊழியராகச் சேருங்கள், நோட்டு எழுதுங்கள், சில ஆண்டுகளில் முன்சாதனை அங்கீகாரத்துக்குப் போங்கள். தொழிற்சாலையில் கைத்தோல் ஏற்கெனவே புண்பட்டிருந்தால் மட்டும், வேலையை விடும் முன் தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

தேர்ந்தெடுத்த இடத்துக்கு முதலில் வாடிக்கையாளராகப் போங்கள். வேலை நாள் மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பாருங்கள். "புதிதாகச் சேர்ந்த பிள்ளையே கழுவட்டும்" என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் விரலிடுக்கைப் பாருங்கள். தொட்டியில் சாய்ந்து கண்ணை மூடியதும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். அது கழுவும்போது பக்கத்தில் யாராவது வந்து நின்று, மெதுவான குரலில் ஏதாவது சொல்லிக் கொடுக்கிறார்களா?